துறை வல்லுநரும் நிரலரும்: கூட்டு மென்பொருளாக்கத்தின் வரலாறு

கூட்டு மென்பொருளாக்கம் என்பது, ஒரு தொழிலை உள்ளும் புறமும் அறிந்த துறை வல்லுநரும், கணினிக்கு நிரல் எழுதத் தெரிந்த நிரலரும் சேர்ந்து மென்பொருள் உருவாக்கும் முறைகளுக்கான பொதுப்பெயர். துறை வல்லுநர் மருத்துவராக இருக்கலாம். சம்பளக் கணக்கரோ, வரி அதிகாரியோ, அச்சுக்கூடத்தில் பக்கம் கட்டுபவரோ, ஆம்புலன்ஸ் ஓட்டுநரோ ஆகவும் இருக்கலாம். அவருக்குத் தெரிந்தது நிரலருக்குத் தெரியாது; நிரலருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியைக் கடக்க, 1950களிலிருந்து மூன்று வழிகள் மாறி மாறி முயலப்பட்டு வந்துள்ளன: வல்லுநரையே நிரல் எழுத வைப்பது, வல்லுநரிடம் கேட்டு ஆவணமாக எழுதிக்கொள்வது, இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்வது. மூன்றாவது வழியே அதிகம் செலவு பிடிப்பது. நெடுநாள் நிலைத்த பலன்களையும் அதுவே தந்திருக்கிறது.

சிக்கலின் இயல்பு

தொழில் அறிவில் பெரும்பகுதி சொல்லில் அடங்காதது. வேதியியலாளராக இருந்து மெய்யியலாளரான மைக்கேல் போலானி, நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்ற கருத்தை 1966இல் வெளியான தமது நூலில் விளக்கினார். இருபது ஆண்டு சம்பளப் பட்டியல் போட்ட ஒருவரிடம் "எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?" என்று கேட்டால், விதிப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்வார். மாதத்தின் நடுவில் பதவி உயர்வு பெற்று, அதே மாதம் விடுப்பிலும் போனவரின் கோப்பை அவர் முன் வைத்தால்தான், விதிப்புத்தகத்தில் இல்லாத வழக்கம் வெளியே வரும். அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த அறிவு அவருடைய வேலைக்குள் இருக்கிறது. வேலை நடக்கும்போது மட்டுமே தலைகாட்டுகிறது.

கணினிக்கோ எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மனிதக் கணக்கர் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்பார், நிரல் கேட்காது. எனவே, சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும் நிரலர் தாமாகவே ஊகித்து நிரப்ப நேர்கிறது. மென்பொருளின் பிழைகளில் பல இந்த ஊகங்களில் பிறப்பவை.

தேநீர்க் கடைகளும் லியோவும்

அலுவலக வேலைக்கு முதன்முதலில் கணினியைப் பயன்படுத்தியது ஒரு தேநீர்க் கடை நிறுவனம். பிரிட்டனில் நாடெங்கும் தேநீர்க் கடைகளை நடத்தி, ரொட்டியும் கேக்கும் செய்து விற்ற ஜே. லயன்ஸ் நிறுவனத்தில், அலுவலகப் பணிகளை ஆராய்ந்து சீராக்கும் தனிப் பிரிவு ஏற்கெனவே இருந்தது. அதன் அதிகாரிகளான ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டும் ரேமண்ட் தாம்ப்சனும் 1947இல் அமெரிக்கா சென்று புதிய கணிப்பு எந்திரங்களைப் பற்றி அறிந்து வந்தனர். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்கு லயன்ஸ் 3,000 பவுண்டு உதவித்தொகை தந்தது. பிறகு அதை முன்மாதிரியாகக் கொண்டு தனக்கென ஒரு கணினியைக் கட்டியது. ஜான் பிங்கர்ட்டன் தலைமையில் உருவான அதன் பெயர் லியோ. 1951 நவம்பரில் அது ரொட்டிச் சாலையின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடத் தொடங்கியது.

லியோவின் சிறப்பு எந்திரத்தில் மட்டும் இல்லை. அதற்கான வேலைகளை வடிவமைத்த டேவிட் காமினர், லயன்ஸ் அலுவலகப் பணிகளை ஆராய்ந்து பழகியவர். கணினிக்காக வெளியிலிருந்து வந்தவர் அல்லர். ஒரு பிரிவின் வேலையைக் கணினிக்கு மாற்றுமுன், அந்தப் பிரிவில் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை அங்குள்ளவர்களோடு பேசித் தெளிந்த பிறகே நிரல் எழுத விடுவார். முறைமைப் பகுப்பாய்வாளர் என்று பிற்காலம் அழைத்த பணிக்கு அவரையே முன்னோடியாகக் கருதுவர்.

1954இல் வந்த தேநீர்க் கடை விநியோகப் பணி இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு கடையின் மேலாளரும், பெரும்பாலும் பெண்கள், மறுநாளுக்கு எத்தனை ரொட்டி, எத்தனை கேக் என்று நாள்தோறும் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. புதிய முறையில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான பட்டியல் கணினியில் இருந்தது. தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பு வரும். மேலாளர் மாற்றங்களை மட்டும் சொல்வார். கேட்பவர் அப்போதே துளை அட்டையில் பதிவார். நாளை மழை வருமா, பக்கத்துத் திடலில் பந்தாட்டம் உண்டா என்பதெல்லாம் கடைக்காரருக்குத்தான் தெரியும். அந்தத் தீர்ப்பை அவரிடமே விட்டு, சலிப்பூட்டும் எழுத்து வேலையை மட்டும் கணினி எடுத்துக்கொண்டது.

வல்லுநரே எழுதும் மொழி

அமெரிக்காவில் வேறொரு நம்பிக்கை வளர்ந்தது: வல்லுநருக்குப் புரியும் மொழியை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் நிரலரே தேவைப்படமாட்டார். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான், விஞ்ஞானிகள் தாள்மீது எழுதும் சூத்திரத்துக்கு நெருக்கமான வடிவில் நிரல் எழுத வழிவகுத்தது. இயற்பியலாளரும் பொறியாளரும் அதைத் தாங்களே கற்றுக்கொண்டனர். அவர்களுடைய துறையே ஏற்கெனவே குறியீடுகளில் பேசியது என்பதால் அந்த முயற்சி வேரூன்றியது.

வணிகத்தில் நிலைமை வேறு. கணக்குப் பிரிவினர் குறியீடுகளை விரும்பமாட்டார்கள், சொற்களைத்தான் விரும்புவார்கள் என்று கிரேஸ் ஹாப்பர் கருதினார். அவருடைய குழு யுனிவாக் கணினிக்காக ஆங்கிலச் சொற்களால் அமைந்த ஃப்ளோமேட்டிக் மொழியை உருவாக்கியது. பர்ரோஸ் நிறுவனத்தின் மேரி ஹாஸ் எழுப்பிய யோசனையைத் தொடர்ந்து, 1959 மே மாதம் பென்டகனில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் ஒரு கூட்டம் நடந்தது. அதன் விளைவாக, ஃப்ளோமேட்டிக்கை ஒரு முக்கிய அடித்தளமாகக் கொண்டு கோபோல் மொழி பிறந்தது. மேலாளர்களும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய நிரல் என்பது அதன் வாக்குறுதி.

கோபோல் பெருவெற்றி கண்டது. வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் இன்றும் ஓடுகிறது. ஆனால் மேலாளர்கள் அதைப் படிக்கவில்லை. நிரலர்களே எழுதினார்கள், நிரலர்களே படித்தார்கள். ஐபிஎம் ஆய்வாளர்களான டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அறிவித்த சீக்வல் மொழியும், கணக்காளர், பொறியாளர், நகரத் திட்டமிடுநர் போன்றோர் தரவுத்தளத்தை நேரடியாகக் கேட்பதற்கென்றே நினைக்கப்பட்டது. எஸ்கியூஎல் என்று பெயர் மாறிய அதுவும் பெரும்பாலும் தொழில்முறை நிரலரின் கருவியானது. சொற்கள் புரிவதாலேயே நிரல் புரிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு விதிவிலக்கையும் கடைசிவரை பின்தொடரும் பொறுமைதான் நிரலாக்கத்தின் கடினம். அந்தக் கடினத்தை எந்தச் சொல்லாட்சியும் குறைத்துவிடவில்லை.

ஆவணச் சுவர்

1968 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், நேட்டோ அறிவியல் குழுவின் ஆதரவில் மென்பொருள் பொறியியல் மாநாடு கூடியது. பெரிய மென்பொருள்கள் காலம் கடந்தும் செலவு மீறியும் தவறாகவும் வருவது குறித்து அங்கே வெளிப்படையாகப் பேசினார்கள். ஒழுங்கு தேவை என்ற எண்ணம் வலுப்பட்டது. வல்லுநரின் தேவைகளை முதலில் முழுமையாக எழுதிக் கையெழுத்து வாங்குவது, பிறகு வடிவமைப்பது, பிறகு நிரல் எழுதுவது, கடைசியில் சோதிப்பது என்ற படிவரிசை நிலைபெற்றது. அருவி முறை என்று இதற்குப் பெயர்.

இம்முறையின் மூலமாகக் காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரை. ஆனால் ராய்ஸ் அந்த எளிய படிவரிசையை வரைந்து காட்டிவிட்டு, அது ஆபத்தானது என்றே எச்சரித்தார். முதல் வடிவம் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு மீண்டும் செய்ய வேண்டும் என்றும், வாடிக்கையாளரை இடையிடையே முறைப்படி ஈடுபடுத்த வேண்டும் என்றும் அதே கட்டுரையில் அறிவுறுத்தினார். படம் பரவியது, எச்சரிக்கை பின்தங்கியது. தேவை ஆவணம் என்பது இரு தரப்பும் சந்திக்கும் இடமாக இருந்திருக்க வேண்டும். பல இடங்களில் அது இரு தரப்பையும் பிரிக்கும் சுவராகிவிட்டது. ஃபிரெட் புரூக்ஸ் 1986இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் எதைக் கட்டுவது என்று துல்லியமாக முடிவு செய்வதே மிகக் கடினமான பகுதி என்று வலியுறுத்தினார். தமக்கு என்ன வேண்டும் என்பது வாடிக்கையாளருக்கே முன்கூட்டித் தெரியாது. முன்மாதிரிகளைச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

நார்வே இரும்புத் தொழிலாளரும் அட்டைப்பெட்டிக் கணினியும்

இவ்வரலாற்றின் வளமான அத்தியாயம் ஸ்காண்டிநேவியாவில் எழுதப்பட்டது. ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நியுகோர்டும் ஆஸ்லோவின் நார்வே கணிப்பு மையத்தில் உருவாக்கிய சிமுலா மொழி, பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தாய். தொழிற்சாலை, துறைமுகம் போன்ற அமைப்புகளை விவரிப்பதற்கான மொழியாகவே அது தொடங்கியது. அப்படி விவரிக்கப்படும் தொழிற்சாலைக்குள் இருக்கும் தொழிலாளியின் நிலை என்ன என்ற கேள்வி நியுகோர்டை விடவில்லை. வேலையைக் கணினிக்கு மாற்றும் திட்டம் மேலாளர் அறையில் வரையப்பட்டால், தொழிலாளியின் அறிவும் அதிகாரமும் சேர்ந்தே பறிபோகும் என்று அவர் கண்டார்.

1970களின் தொடக்கத்தில் அவர் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வுத் திட்டத்தில் இறங்கினார். வழக்கமான அறிக்கை எழுதுவதை விட்டுவிட்டு, சங்கக் கிளைகள் தங்கள் தொழிற்சாலைக் கணினித் திட்டங்களைத் தாங்களே ஆராயவும், அதைப் பற்றிப் பேரம் பேசவும் கற்றுக்கொள்வதே திட்டத்தின் பலன் என்று வரையறுத்தார்கள். தொழிலாளருக்கான பாடநூல்கள் எழுதப்பட்டன. 1975இல் நார்வேயின் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் கணினி முறைமைகள் குறித்து ஒரு தேசிய உடன்படிக்கை செய்தன. புதிய கணினித் திட்டம் பற்றித் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும், அதைக் கவனிக்கத் தனிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற ஏற்பாடுகள் இதனால் வந்தன. வடிவமைப்பில் பங்கேற்பது, மேலாளர் காட்டும் கருணை என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு இங்கே உயர்ந்தது.

அடுத்து வந்தது 1981 முதல் 1985 வரை நடந்த உட்டோபியா திட்டம். நோர்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்கள் இணைந்தனர். பெல்லே ஏன், மோர்டன் கியூங், சூசன் பேட்கர் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். ஈய அச்சு மறைந்து, செய்தித்தாள் பக்கத்தைத் திரையில் கட்டும் காலம் வந்துகொண்டிருந்தது. பக்கம் கட்டுவோரிடம் என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள்; வரைபடங்களைக் காட்டிப் பார்த்தார்கள்; இரண்டும் பலிக்கவில்லை. பிறகு அட்டை, ஒட்டுப்பலகை, காகிதம் ஆகியவற்றால் போலிக் கணினி மேசை ஒன்றைக் கட்டினார்கள். திரைக்குப் பதில் ஸ்லைடு படங்கள். லேசர் அச்சு எந்திரத்துக்குப் பதில் பெயர் எழுதி ஒட்டிய ஒரு காலிப் பெட்டி. தொழிலாளர் அந்த மேசைமுன் உட்கார்ந்து பக்கம் கட்டத் தொடங்கியதும் நிலைமை மாறியது. கை எங்கே நீண்டது, கண் எதைத் தேடியது, எதைப் பெரிதாகப் பார்க்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் தாமாக வெளிப்பட்டன. அட்டையாக இருந்ததால் யாரும் தயங்காமல் கிழித்து மாற்றினார்கள்.

பங்கேற்பு வடிவமைப்பு என்ற பெயரில் இம்மரபு உலகெங்கும் பரவியது. அதற்கான முதல் பன்னாட்டு மாநாடு 1990இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்தது.

அறிவைக் கறத்தல்

இதே காலத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் வேறொரு பக்கத்திலிருந்து இச்சிக்கலை எதிர்கொண்டனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கிய டென்ட்ரல் திட்டம், நிறை நிரல்மானித் தரவிலிருந்து மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய முயன்றது. கணினி அறிவியலாளர் எட்வர்ட் ஃபைகன்பாம், நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பர்க், வேதியியலாளர் கார்ல் ஜெராசி ஆகியோர் அதில் ஒன்றாக வேலை செய்தனர். 1970களில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் முன்னின்று உருவாக்கிய மைசின், இரத்தத் தொற்றுகளுக்கு உரிய நுண்ணுயிர்க்கொல்லியைப் பரிந்துரைக்கும் சில நூறு விதிகளைக் கொண்டிருந்தது. 1979இல் வெளியான மதிப்பீட்டில் அதன் பரிந்துரைகள் தொற்றுநோய் வல்லுநர்களின் பரிந்துரைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ நின்றன. ஆயினும் மருத்துவமனையின் அன்றாடப் பயன்பாட்டுக்கு அது வரவே இல்லை.

வல்லுநரிடம் உட்கார்ந்து கேட்டு, அவருடைய அறிவை விதிகளாக மாற்றுபவருக்கு அறிவுப் பொறியாளர் என்று பெயர். அந்த வேலைதான் மிக மெதுவாக நகர்ந்தது. அறிவு திரட்டும் இடத்தில் நெரிசல் என்று அத்துறையினரே குறைபட்டுக்கொண்டனர். ராண்டல் டேவிஸ் 1976இல் உருவாக்கிய டெய்ரீசியஸ் என்ற துணை நிரல் ஒரு நல்ல வழியைக் காட்டியது. மைசின் தவறான முடிவு சொன்னால், எந்த விதிகளால் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மருத்துவருக்குப் படிப்படியாகக் காட்டும். மருத்துவர் பிழையான விதியைத் திருத்தலாம். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பதைவிட, "இது ஏன் தவறு?" என்று கேட்டால் வல்லுநர் எளிதாகப் பேசுகிறார்.

விரிதாள்

ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர் டான் பிரிக்லினும் அவர் நண்பர் பாப் ஃப்ராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் உடனே மாறின. கோபோல் வாக்குக் கொடுத்ததை விரிதாள் நிறைவேற்றியது: கணக்கர்கள் நிரல் எழுதினார்கள், அதை நிரல் என்று அழைக்காமலேயே. கணக்கேட்டின் கட்டங்கள் அவர்களுக்கு ஏற்கெனவே பழகியவை. விளைவோ கண்முன் உடனே தெரிந்தது.

ஆனால் விரிதாளைத் தனிமனிதர் கருவி என்று நினைப்பது தவறு. அலுவலகங்களில் அது எப்படிப் பயன்படுகிறது என்று பானி நார்டியும் ஜேம்ஸ் மில்லரும் ஆராய்ந்து 1991இல் எழுதினர். கடினமான சூத்திரம் வரும்போது, கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த சக ஊழியரை அழைத்துக் கேட்டு, பலர் கைகளால் சேர்ந்து ஒரு தாள் உருவாவதை அவர்கள் கண்டனர். துறையறிவும் நிரலறிவும் கலக்கும் இயல்பான இடம் பக்கத்து மேசைதான் என்பதற்கு இது சான்று. சோதனையும் மறுபார்வையும் இல்லாத விரிதாள்களில் பிழைகள் ஒளிந்திருப்பது இதன் மறுபக்கம். அரசுக் கடனும் வளர்ச்சியும் பற்றிய ரைன்ஹார்ட்–ரோகாஃப் ஆய்வில் சில நாடுகளின் வரிசைகள் கணக்கில் விடுபட்டது 2013இல் வெளிப்பட்டபோது உலகமே அதை அறிந்தது.

பிரிவின் விலை

வல்லுநரை ஒதுக்கினால் என்ன நேரும் என்பதற்குப் பாடப்புத்தகங்கள் காட்டும் எடுத்துக்காட்டு லண்டன் ஆம்புலன்ஸ் சேவை. 1992 அக்டோபர் 26 அன்று, அழைப்புக்கு எந்த வண்டி போக வேண்டும் என்று தானே முடிவு செய்யும் கணினி முறை நகர் முழுவதற்கும் இயக்கப்பட்டது. எல்லா வண்டிகளும் எங்கே இருக்கின்றன, என்ன செய்கின்றன என்பது எப்போதும் சரியாகத் தெரியும் என்ற அனுமானத்தின்மேல் அது கட்டப்பட்டிருந்தது. வானொலி எட்டாத இடங்கள் இருந்தன. அவசரத்தில் பொத்தான் மாறி அழுத்தப்பட்டது. தவறான நிலவரத்தால் தவறான வண்டி போனது. தாமதத்தால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தார்கள். எச்சரிக்கைகள் திரையை நிறைத்தன. மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அன்று கணினி அடியோடு நின்றது. 1993இல் வந்த விசாரணை அறிக்கை சுட்டிய காரணங்களுள் ஒன்று, ஆம்புலன்ஸ் குழுவினர் வடிவமைப்பில் போதிய அளவு ஈடுபடுத்தப்படவில்லை என்பது. 1996இல் வந்த அடுத்த முறை, பணியாளர் முன்னிலையில் படிப்படியாகச் செய்து பார்த்து உருவாக்கப்பட்டது, அது நிலைத்தது.

கால் நூற்றாண்டுக்குப் பின் கனடாவிலும் இதே பாடம். மத்திய அரசு ஊழியருக்கான ஃபீனிக்ஸ் சம்பள முறை 2016இல் தொடங்கியது. 80,000க்கும் மேற்பட்ட சம்பள விதிகள் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. செலவைக் குறைக்கப் பல செயற்பாடுகள் வெட்டப்பட்டன. பல துறைகளில் இருந்த அனுபவமிக்க சம்பள ஆலோசகர் பணியிடங்கள் நீக்கப்பட்டு, பணி மிராமிச்சி நகரின் ஒரே மையத்துக்கு மாற்றப்பட்டது. பெருந்திரளான ஊழியர்கள் குறைவாகவோ கூடுதலாகவோ சம்பளம் பெற்றனர். சிலருக்குச் சம்பளமே வரவில்லை. விதிவிலக்குகளை அறிந்த மனிதர்களை அனுப்பிவிட்டு, அந்த விதிவிலக்குகளை எந்திரத்திடம் எதிர்பார்த்ததன் துயரம் இது.

அட்டை, கதை, எடுத்துக்காட்டு

1980களின் இறுதியிலிருந்து நிரலர்களே ஆவணச் சுவரை இடிக்க முன்வந்தனர். கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்காமும் 1989இல் சிறு அட்டைகளைக் கொண்டு வடிவமைக்கும் முறையைக் கற்பித்தனர். 1996இல் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பள மென்பொருள் திட்டத்துக்கு வந்த கென்ட் பெக், அங்கே உச்ச நிரலாக்கம் என்ற முறையை வளர்த்தார். சம்பள விதிகளை அறிந்த ஒருவர் குழுவின் அறையிலேயே இருப்பார். தேவைகள் சிறு அட்டைகளில் கதைகளாக எழுதப்படும். அட்டை என்பது உரையாடலுக்கான நினைவூட்டல். முழு விவரம் பேச்சில் வரும். பேசியது சரிதானா என்பதைச் சோதனை உறுதி செய்யும். அத்திட்டம் சுமார் 10,000 ஊழியருக்குச் சம்பளம் கணக்கிட்டது, 2000இல் கைவிடப்பட்டது. அறையில் அமர்ந்த அந்த ஒற்றை வல்லுநர்மேல் விழுந்த சுமை தாங்க முடியாதது என்பதும் அங்கே கிடைத்த பாடங்களுள் ஒன்று.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, வணிகத் தரப்பினரும் நிரலரும் நாள்தோறும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதைத் தன் கொள்கைகளுள் ஒன்றாக வைத்தது. 2002இல் வார்ட் கன்னிங்காம் ஃபிட் என்ற கருவியை வெளியிட்டார். துறை வல்லுநர் அட்டவணையில் எடுத்துக்காட்டுகளை நிரப்புவார்: இத்தனை மணி நேரம், இவ்வளவு கூலி, வர வேண்டிய தொகை இது. கருவி அவற்றை நிரலோடு ஒப்பிட்டு, சரியான கட்டத்தைப் பச்சையாகவும் தவறானதைச் சிவப்பாகவும் காட்டும்.

டான் நார்த், கிறிஸ் மாட்ஸ் ஆகியோர் எடுத்துக்காட்டுக்கு ஒரு மூன்றடி வடிவம் தந்தனர்: சூழல் இது, நடந்தது இது, விளைய வேண்டியது இது. 2008இல் அஸ்லாக் ஹெல்லசாய் தொடங்கிய கியூகம்பர் என்ற கருவி இவ்வடிவத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. அது ஏற்கும் மொழிகளில் தமிழும் உண்டு: அம்சம், காட்சி, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது, மேலும், ஆனால் என்ற சொற்களோடு தமிழிலேயே எடுத்துக்காட்டு எழுதிச் சோதனையாக ஓட்டலாம். ஆனால் பல நிறுவனங்களில் வல்லுநர்கள் இந்த வாக்கியங்களைப் பார்ப்பதே இல்லை. சோதனைப் பிரிவினர் தனியாக எழுதித் தாங்களே ஓட்டிக்கொள்கிறார்கள். உரையாடலுக்காகப் பிறந்த கருவி வெறும் சோதனைக் கருவியாகத் தவறாக எண்ணப்படுகிறது என்று அதன் ஆசிரியரே வருந்தி எழுதியிருக்கிறார்.

பொது மொழி

எரிக் எவன்ஸ் 2003இல் வெளியிட்ட களம்சார் வடிவமைப்பு பற்றிய நூல் சொற்களின்மேல் கவனத்தைத் திருப்பியது. மின்சுற்றுப் பலகை வடிவமைப்போருக்கு மென்பொருள் செய்யச் சென்றபோது தமக்கு அத்துறை பற்றி ஏதும் தெரியாது என்பதையும், அவர்களோடு படம் வரைந்து பேசிப் பேசி ஒரு பொது மாதிரியைக் கண்டடைந்ததையும் அதில் விவரிக்கிறார். வல்லுநர் பேச்சிலும் வரைபடத்திலும் நிரலிலும் ஒரே சொல்லே புழங்க வேண்டும்; மொழிபெயர்ப்பு நடக்கும் இடத்தில்தான் பொருள் கசிகிறது என்பது அவர் வாதம்.

அதோடு, ஒரு சொல்லுக்கு எங்கும் ஒரே பொருள் என்று எதிர்பார்க்கவும் கூடாது என்றார். தமிழில் 'கணக்கு' என்ற சொல்லை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வங்கியில் அது பணம் போட்டு எடுக்கும் இடம், பள்ளியில் பாடம், மளிகைக் கடையில் கடன் பாக்கி, இணையத்தில் உள்நுழையும் அடையாளம். நான்கையும் ஒரே நிரலுறுப்புக்குள் திணித்தால் குழப்பமே மிஞ்சும். ஒவ்வொரு பொருளும் செல்லுபடியாகும் எல்லையை வரைந்து காட்டுவது வடிவமைப்பின் முதல் கடமை. இத்தாலியரான ஆல்பர்ட்டோ பிராண்டோலினி 2013 வாக்கில் அறிமுகப்படுத்திய நிகழ்வுப் புயல் முறையில், சுவர் நீளக் காகிதத்தில் ஆரஞ்சு நிறத் தாள்களை ஒட்டி, தொழிலில் நடக்கும் நிகழ்வுகளை எல்லோரும் சேர்ந்து காலவரிசையில் அடுக்குகிறார்கள். எங்கே வாக்குவாதம் எழுகிறதோ, அங்கேதான் சொல்லப்படாத விதி இருக்கிறது.

சட்டமும் நிரலும்

சட்டம் எழுத்தில் இருப்பதால் நிரலாக்க எளிது என்று தோன்றலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி முதலியோர் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தை ப்ரோலாக் மொழியில் எழுதி 1986இல் வெளியிட்டனர். ஒரு தொடருக்கு எந்தப் பொருள் கொள்வது என்று ஒவ்வொரு பிரிவிலும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த முடிவுகள் சட்டம் அறிந்தவருக்கே உரியவை.

பிரான்ஸ் வரித்துறை வருமான வரிக் கணக்குக்காகவே எம் என்ற தனி மொழியை 1990இலிருந்து பயன்படுத்தி வருகிறது. அந்நிரல் 2016இல் பொதுவில் வெளியிடப்பட்டது. பிரான்ஸ் இன்ரியா நிறுவனத்தில் டெனி மெரிகூ முதலியோர் உருவாக்கிய கத்தாலா மொழி இன்னும் ஒரு படி மேலே சென்றது. சட்டக் கணிப்பியலின் முன்னோடியான பியர் கத்தாலாவின் பெயர் தாங்கிய அம்மொழியில், சட்டப் பிரிவும் அதற்குரிய நிரலும் அடுத்தடுத்து ஒரே கோப்பில் நிற்கும். பொது விதி முதலில், விதிவிலக்கு பின்னர் என்ற சட்ட நடையையே மொழியும் பின்பற்றுகிறது. வழக்கறிஞரும் நிரலரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து வரிவரியாக எழுதுவதே இதன் செயல்முறை. மொழி எவ்வளவு நெருங்கி வந்தாலும் இரண்டு நாற்காலிகள் தேவை என்பதை இம்முயற்சி ஏற்றுக்கொண்டது; கோபோல் காலத்து நம்பிக்கையிலிருந்து இது பெரிய நகர்வு.

தமிழ்99

தமிழ்க் கணிமையிலும் இவ்வகைக் கூட்டுறவுக்குச் சான்று உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பல நாட்டுத் தமிழறிஞரும் கணினி வல்லுநரும் கூடினர். அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் இலக்கணமே நிரலாகியிருக்கிறது. ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' வரும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால், 'ங்க', 'ந்த', 'ம்ப' என்று மெல்லினம் தானே புள்ளி பெறும். இன எழுத்துகள் இணைந்து வரும் இயல்பை அறிந்த இலக்கணமும் விசைத்தட்டலைக் குறைக்கும் நிரலறிவும் சந்தித்தால்தான் இப்படி ஒன்று அமையும். தட்டுபவர் அந்த இலக்கணத்தை நினைக்க வேண்டியதே இல்லை.

இன்றைய நிலை

2020களில் இயல்மொழியில் கேட்டால் நிரல் எழுதித் தரும் மொழி மாதிரிகள் பரவியுள்ளன. ஃபோர்ட்ரானில் தொடங்கிய முதல் வழி இப்போது புதிய உருவில் திரும்பியிருக்கிறது. மருத்துவரோ கணக்கரோ தாமே ஒரு சிறு கருவியை ஒரு மாலையில் செய்துகொள்ள முடிகிறது. இது உண்மையான விடுதலை. ஆனால் இக்கருவிகளும், சொல்லாமல் விட்டதை ஊகித்தே நிரப்புகின்றன. மாத நடுவில் பதவி உயர்ந்து விடுப்பில் போன ஊழியரின் கோப்பை யாராவது எடுத்து மேசைமேல் வைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வரலாற்றில் கருவிகள் மாறிக்கொண்டே வந்தன: துளை அட்டை, அட்டைப்பெட்டி, விரிதாள், கதை அட்டை, ஆரஞ்சுத் தாள். வெற்றி கண்ட இடங்களில் மாறாதிருந்தது ஒன்று. லயன்ஸ் தன் அலுவலகப் பணியின் ஆழம் தெரிந்தவரையே கணினிப் பணிக்கு அமர்த்தியது. நார்வே உடன்படிக்கை தொழிலாளரின் பேச்சுக்கு உரிமை தந்தது. பாரிஸில் வழக்கறிஞர் நிரலரின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். வல்லுநரின் நேரம் அங்கெல்லாம் வேலை நேரமாகவே மதிக்கப்பட்டது. அவருடைய "இது சரியில்லை" என்ற சொல்லுக்கு வடிவத்தை மாற்றும் அதிகாரம் இருந்தது. அன்றாட வேலைக்கு நடுவே அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய இடங்களில் எந்த முறையும் கைகொடுக்கவில்லை. ஒரு நிறுவனம் மென்பொருளுக்கு ஒதுக்கும் தொகையில், அத்தொழிலை நன்கறிந்தவரின் மணி நேரங்கள் எத்தனை என்பதைப் பார்த்தாலே, அம்மென்பொருள் வெற்றி வரிசையில் சேருமா, தோல்வி வரிசையில் சேருமா என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.